மூன்று சாவிப் பெட்டகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஐரோப்பிய யூதர்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஹிட்லர் காலப் பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய நூற்றாண்டுகளை, ‘வட்டித் தொழிலில் ஊறியவர்கள், அதனால் ஊராரின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டார்கள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது உறுத்தியது. முப்பத்தோரு வருடம் கூட்டுறவு வங்கியில் கடன் பத்திரங்களோடு குப்பை கொட்டியவன் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். 1066இல் நார்மன் வில்லியம் நாட்டைப் பிடித்த பிறகு பிரான்சின் ரூவான் நகரிலிருந்து யூதர்கள் அங்கே வந்தார்கள். கைத்தொழில் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. நிலத்தை நம்பிப் பிழைக்கவும் வழியில்லை. கிறிஸ்தவர் வட்டி வாங்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் பிரபுவுக்கும் மடாலயத்துக்கும் கடன் வேண்டுமே! அடைபடாமல் இருந்த வாசல் அது ஒன்றுதான். அதிலும் லாபத்தில் பெரும்பங்கு யாருக்குப் போனது? யூதரும் அவர் உடைமையும் அரசருக்குச் சொந்தம் என்பது அன்றைய வழக்கு. லிங்கன் நகர ஆரோன் என்ற பெருஞ்செல்வர் 1186இல் இறந்ததும், இரண்டாம் ஹென்றி அவர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அவருக்கு வரவேண்டிய கடன்களை வசூலிப்பதற்கென்றே அரசாங்கத்தில் தனியாக ஒரு பிரிவு பல வருடம் நடந்தது.

யார்க் நகரில் 1190 மார்ச்சில் நடந்ததை உங்கள் கட்டுரையாளர் தொட்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். கும்பலுக்குப் பயந்து சுமார் 150 யூதர்கள் அரசரின் கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். தப்ப வழியில்லை என்றானபோது பலர் தம் குடும்பத்தாரைத் தம் கையாலேயே கொன்று, தாமும் மாய்ந்தார்கள். மதம் மாறினால் உயிர்ப்பிச்சை உண்டு என்ற வாக்கை நம்பி வெளியே வந்த மிச்சப் பேரையும் வெட்டிப் போட்டார்கள். கும்பல் அதோடு கலையவில்லை. நேரே பேராலயத்துக்குப் போய், அங்கே பத்திரமாக வைத்திருந்த கடன் பத்திரங்களை எடுத்து, ஆலயத்துக்குள்ளேயே குவித்துக் கொளுத்தியது. முன்னால் நின்றவர்களில் யூதர்களிடம் கடன்பட்டிருந்த பிரபுக்களும் உண்டு. இதைப் பக்தி வெறி என்று மட்டும் எப்படிச் சொல்வது?

அரசாங்கம் இதிலிருந்து கற்ற பாடம் வேடிக்கையானது. 1194இல் ஓர் ஆணை வந்தது: ஒவ்வொரு கடன் பத்திரத்துக்கும் இரண்டு படி, ஒரு படி முக்கிய நகரங்களில் வைக்கப்படும் பெட்டகத்துக்குள். பெட்டகத்துக்கு மூன்று பூட்டு. யூதர்களிடம் ஒரு சாவி, கிறிஸ்தவர்களிடம் ஒரு சாவி, அரசு எழுத்தரிடம் ஒரு சாவி. எங்கள் வங்கியின் காப்பறைக்கே மேலாளர் ஒன்று, காசாளர் ஒன்று என்று இரண்டு சாவிதான்! ஆட்களைக் கொளுத்தினாலும் அரசருக்கு வரவேண்டிய பாக்கி கரியாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வரிமேல் வரி போட்டுக் கறந்த பிறகு, 1275இல் முதலாம் எட்வர்ட் வட்டித் தொழிலையே தடை செய்தார். 1290 ஜூலையில், நவம்பர் முதல் தேதிக்குள் எல்லோரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றார். போனவர்கள் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருக்கலாம். ஒரு கப்பல் தலைவன் தேம்ஸ் முகத்துவாரத்தில், நீர் வடிந்த மணல் திட்டில் பயணிகளைக் காலாற நடக்கச் சொல்லி இறக்கிவிட்டு, அலை ஏறியதும் தான் மட்டும் கப்பலில் ஏறிக்கொண்டானாம். “கடலைப் பிளந்த உங்கள் மோசேயைக் கூப்பிடுங்கள்” என்றானாம். பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்லும் கதை இது.

பிரான்சிலும் இதே கணக்குத்தான். 1306இல் நான்காம் பிலிப் யூதர்களை விரட்டிவிட்டு, அவர்களுக்கு வரவேண்டிய கடன்களைத் தானே வசூலித்தார். 1315இல் அவர் மகன் திரும்ப அழைத்தார். பழைய கடனை வசூலித்துக்கொள்ளலாம், மூன்றில் இரண்டு பங்கு அரசருக்கு என்று நிபந்தனை! இப்படி மேற்கிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழக்கே நகர்ந்தன. 1264லேயே பாதுகாப்புச் சாசனம் கொடுத்திருந்த போலந்து மண்ணில் அவர்களுடைய இட்டிஷ் பேச்சு வேரூன்றியது. அடிப்படை ஜெர்மன், எழுத்து எபிரேயம். வந்த வழி அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. 1939இல் போலந்தில் முப்பது லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் இருந்தது இப்படித்தான். உங்கள் கட்டுரை தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். யார்க்கில் எரிந்த பத்திரங்களுக்கு அதில் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
விருதுநகர்.