மலக்குழிகளை எப்போது மூடுவீர்கள்? நகர்மன்றச் சுகாதாரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்து, செப்டம்பர் 1911

மதிப்பிற்குரிய குழுத் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றங்கரைத் தெருக்களின் நிலையைத் தங்கள் சுகாதார அதிகாரியே ஆண்டுதோறும் அறிக்கையில் எழுதி வருவதால் அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. சென்ற வாரம் வீடு வீடாகத் தாங்கள் விநியோகித்த துண்டறிக்கையைப் பற்றியே எழுதுகிறோம். பாலை மூடி வைக்கும்படியும், ஈ மொய்க்க விடாதிருக்கும்படியும் அதில் தாய்மார்களுக்கு அறிவுரை கூறியிருக்கிறீர்கள்.

எங்கே வைப்பது என்பதையும் சேர்த்து அச்சிட்டிருக்கலாம். எங்கள் வீடுகள் பின்சுவரோடு பின்சுவர் ஒட்டியவை. கீழே இருப்பது ஓர் அறை. சமையல், துவையல், குழந்தையின் தொட்டில் எல்லாம் அதற்குள்தான். அதன் ஒரே ஜன்னலுக்கு எதிரே, பொது முற்றத்தில், நாலு எட்டு வைக்கும் தொலைவில், எட்டுக் குடும்பங்களுக்குப் பொதுவான இரண்டு எடுப்புக் கழிப்பிடங்களும், சாம்பலும் மலமும் சேர்ந்து கிடக்கும் குழியும் இருக்கின்றன. வெயில் கொளுத்திய ஆகஸ்டில் அந்தக் குழி வாரக்கணக்கில் அள்ளப்படவில்லை. ஜன்னலைத் திறந்தால் ஈ, மூடினால் அடுப்பின் வெக்கை. பால் குவளையின் மேல் போட்ட வெள்ளைத் துணி கறுப்பாகத் தெரியும் அளவுக்கு ஈ மொய்த்த ஒரு வீட்டில், கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்து அடக்கமும் முடிந்த பிறகே தங்கள் துண்டறிக்கை வந்து சேர்ந்தது.

குழிகளை மூடி, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறைகளைக் கட்டித்தருமாறு வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவிடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் போதிய கழிப்பிடம் அமைக்கச் சொல்லும் அதிகாரத்தைத் தங்களுக்கு அளித்து 36 ஆண்டுகள் ஆகின்றன. பின்சுவர் ஒட்டிய இத்தகைய வீடுகளைப் புதிதாகக் கட்டக்கூடாது என்று 1909ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே கட்டியவற்றில் குடியிருப்பவர்கள் என்ன செய்வது?

யார்க் நகரின் வறுமையை ஆராய்ந்து சமூக ஆய்வாளர் ரவுண்ட்ரீ 1901இல் வெளியிட்ட கணக்கைத் தாங்கள் அறிவீர்கள். மிக வறிய பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 247 ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. வேலைக்காரர் வைத்திருந்த வீடுகளில் 94. தாய்மார்களின் அறியாமைதான் காரணம் என்றால், வேலைக்காரி வந்ததும் கூடவே அறிவும் வந்துவிடுகிறது போலும்!

நிதி இல்லை என்கிறீர்கள். ஜூன் 22 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவுக்காக நகர்மன்றக் கட்டடம் முழுவதும் விளக்கு வைத்தபோது அந்தப் பேச்சு எழவில்லை. வரி உயருமே என்று கவலைப்படும் உறுப்பினர்களில் எத்தனை பேர் இம்மாதிரி முற்றங்களில் வாடகை வசூலிக்கிறார்கள் என்று கேட்பது மரியாதையாகாது, அதை விட்டுவிடுகிறோம்.

குழிகளை மூட ஒரு நாள் குறியுங்கள். அதுவரை வாரம் ஒருமுறையாவது தவறாமல் அள்ள ஏற்பாடு செய்து, அடுத்த கூட்டத்திற்கு முன் ஒரு நண்பகல் வேளையில் எங்கள் முற்றத்தை நேரில் வந்து பார்வையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
முற்றத்துக் குடித்தனக்காரர்கள்