வெள்ளைப் பாம்பின் கதை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நடுவில் நீ ஏதாவது சொல்வாய், நான் கோபித்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால்தான் தாளில் எழுதினேன். இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லி உன் மாமா மகளிடம் கொடுத்திருக்கிறேன். நடுவில் அவள் படித்துவிட்டால் படிக்கட்டும், எப்படியும் அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஆவணி மாதம் ஒரு லிங்க் அனுப்பி, “அம்மா, அவ ஊர்க் கதை. நேரம் இருந்தா பாருங்க” என்று எழுதியிருந்தாய். நேரம் நிறைய இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. இந்த வாரம் நாலு நாளாக விடாத மழை. வெளியே போக முடியாமல் உட்கார்ந்திருந்தபோது மாமா மகள் டிவியில் போட்டுவிட்டாள். கதை சீனாக்காரருடையது, படம் ஜப்பான்காரர்கள் எடுத்தது. ஜப்பானியப் பேச்சு, கீழே இங்கிலீஷ் எழுத்து. அந்த எழுத்து ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது. அதனால் மறுநாளும் ஒரு தடவை பார்த்தேன். ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

கார்ட்டூன்தானே என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆரம்பத்திலேயே ஒரு சின்னப் பையன் சந்தையில் ஒரு வெள்ளைப் பாம்புக்குட்டியை வாங்கி வைத்துக் கொஞ்சுகிறான். பெரியவர்கள் திட்டி, அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்கிறார்கள். அவனும் அழுதுகொண்டே விடுகிறான். வருடங்கள் கழித்து ஒரு புயல் இரவில் அந்தப் பாம்பு பெண்ணாக மாறி அவனைத் தேடி வருகிறது. அவள் பெயர் பை நியாங், அவன் பெயர் ஷு ஷியன். ஃபா ஹாய் என்று ஒரு துறவி, இவள் மனுஷி இல்லை என்று கண்டுபிடித்து, பையனைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இரண்டு பேரையும் பிரிக்கக் கிளம்புகிறார்.

அங்கேயே எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவள் நான். நம் ஊரில் விஷம் இருக்கிற பாம்புக்கே ‘நல்ல பாம்பு’ என்றுதான் பெயர். பாம்பு பெண்ணாக வந்தால் நாம் கற்பூரம் காட்டுவோமே தவிர, துரத்த மாட்டோம். இவர் ஏன் இப்படிக் குதிக்கிறார் என்று வாய்விட்டே சொன்னேன். மாமா மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

சரி, படத்துக்கு வருகிறேன். முப்பது வருடம் நூலகத்தில் உட்கார்ந்த புத்தி, ஒன்றைப் பார்த்தால் அதைப் பற்றிப் படிக்காமல் விடாது. ‘ஹகுஜாதென்’ என்றால் வெள்ளைப் பாம்பின் கதை. 1958 அக்டோபர் 22-ல் வந்தது. ஜப்பானில் முழு நீளத்தில், வண்ணத்தில் எடுத்த முதல் அனிமேஷன் படம் அதுதான். தோயெய் என்கிற சினிமா கம்பெனி அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டுடியோவை வாங்கி, நாமும் டிஸ்னி மாதிரி ஆக வேண்டும் என்று இறங்கியிருக்கிறது. இயக்கியவர் தாய்ஜி யாபுஷிதா. இவ்வளவு பெரிய படத்துக்கு மூல ஓவியர்கள் என்று இருந்தது இரண்டே பேர், மோரி யாசுஜியும் தாய்குபாரா அகிராவும். அவர்கள் முக்கியமான அசைவுகளை வரைந்து கொடுக்க, இடையில் வரும் படங்களை மற்றவர்கள் வரைந்து நிரப்பியிருக்கிறார்கள்.

ஜப்பானில் அப்போது படித்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் கடைசி வருடம். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் தியேட்டருக்குப் போய், பை நியாங் மேல் காதலாகித் திரும்பியிருக்கிறான். அவன்தான் ஹயாவோ மியாசாகி. 1963-ல் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாராம். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும். நீ பிளஸ் டூவில் டியூஷன் என்று சொல்லிவிட்டு எங்கே போனாய் என்று எனக்கும் தெரியும். அது இப்போது வேண்டாம்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு ஒன்று. இந்தப் படத்தில் எத்தனையோ பாத்திரங்கள், பாண்டா, பன்றி எல்லாம் வருகின்றன. எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஆண் குரல் எல்லாம் மொரிஷிகே ஹிசாயா, பெண் குரல் எல்லாம் மியாகி மரிகோ. அப்படியென்றால் ஷு ஷியனும் ஃபா ஹாயும் பேசுவது ஒரே தொண்டையிலிருந்து. “அவளைத் தேடிப் போகிறேன்” என்கிறவனும் “அவள் வேண்டாம், நீ அழிந்துபோவாய்” என்கிறவரும் ஒருவரே. இதைப் படித்த பிறகுதான் இரண்டாம் தடவை பார்த்தேன். எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்டேன். துறவி பேசும்போது அடித்தொண்டை, பையன் பேசும்போது இளகிப் போகிறது. ஆனால் ஆள் ஒருவர்தான், தெரிகிறது.

அந்தத் துறவி கெட்டவர் இல்லை தம்பி. அதுதான் இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது, கஷ்டமாக இருந்ததும் அதுதான். பணத்துக்கோ பொறாமைக்கோ அவர் எதுவும் செய்யவில்லை. பையன் நாசமாகிவிடுவான் என்று நிஜமாகவே நம்புகிறார். அவள் யார் என்று அவருக்குத் தெரியும். எப்படிப்பட்டவள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது நீ அடுப்படிக்கு வந்து போனில் அந்தப் பெண்ணின் படத்தைக் காட்டினாய். நான் போனைக் குப்புறக் கவிழ்த்து மேடையில் வைத்துவிட்டு, பால் பொங்குகிறது என்று திரும்பிக்கொண்டேன். பால் பொங்கவில்லை. அடுப்பையே இன்னும் பற்ற வைத்திருக்கவில்லை. நீயும் அதைப் பார்த்தாய். பிறகு அப்பாவிடம், “பேரே வாயில நுழையல, என்ன சம்பந்தம் இது” என்று உனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் ஊர்க் கதையையும் தேடிப் படித்தேன். சீனாவில் ஹாங்சோ என்கிற ஊரில் மேற்கு ஏரி, அதன் கரையில் லெய்ஃபெங் கோபுரம். துறவி வெள்ளைப் பாம்பை அந்தக் கோபுரத்துக்கு அடியில்தான் புதைத்து வைத்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்கிற கதை. 1624-ல் ஃபெங் மெங்லொங் என்பவர் தொகுத்த புத்தகத்தில் கதை கடுமையாக இருக்கிறது. அதில் அவள் பயமுறுத்துகிற பூதம் மாதிரி. புருஷனே துறவியோடு சேர்ந்து அவளைப் பிடித்துக் கொடுக்கிறான். அப்புறம் நாடகமும் பாட்டுமாக நூறு இருநூறு வருடம் ஜனங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, அவள் நல்ல மனைவி ஆகிவிட்டாள், துறவி வேண்டாதவர் ஆகிவிட்டார். அந்தக் கோபுரம் 1924 செப்டம்பரில் நிஜமாகவே இடிந்து விழுந்தது. அதன் செங்கல்லை வீட்டில் வைத்தால் நல்லது என்று ஜனங்கள் பல காலமாக ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். 2002-ல் மறுபடி கட்டியிருக்கிறார்கள். உன் அந்தப் பெண் சின்ன வயதில் பார்த்தது பழைய கோபுரமாக இருக்க முடியாது. ஏரியும் பாலமும் பார்த்திருப்பாள் இல்லையா?

ஜப்பான்காரர்கள் கோபுரத்தையே விட்டுவிட்டார்கள். சிறையும் இல்லை. கூட வருகிற தோழி ஊர்க் கதையில் பச்சைப் பாம்பு, இதில் மீன். கடைசியில் பை நியாங் தன் மந்திர சக்தியை எல்லாம் விட்டுக்கொடுத்து வெறும் மனுஷியாகிறாள், அவனுக்கு உயிர் கொடுக்க. சக்தி இருந்தபோது துறவியோடு சரிக்குச் சரி நின்றவள், இப்போது அலைகளுக்கு நடுவில் ஒன்றும் செய்ய முடியாமல் தத்தளிக்கிறாள். அதைப் பார்த்துத்தான் துறவி மனம் மாறுகிறார். இது எனக்குப் பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அவள் எல்லாவற்றையும் இழந்த பிறகுதான் அவருக்குக் கண் திறக்க வேண்டுமா? முன்னாலேயே ஒரு தடவை கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்கலாம்.

இன்னொன்று. அந்தப் படம் எடுத்தபோது ஜப்பானும் சீனாவும் சண்டை ஓய்ந்து 13 வருடம்தான். இரண்டு நாட்டுக்கும் தூதரக உறவுகூட இல்லை, அது 1972-ல்தான் வந்தது. தோக்கியோ மிருகக்காட்சி சாலைக்கு நிஜப் பாண்டா வந்ததும் அந்த வருடம்தான். அதற்கு முன்னாலேயே இவர்கள் சீனாக்காரர் கதையை எடுத்து, பாண்டாவை வரைந்து, அவ்வளவு பிரியமாகப் படம் பண்ணியிருக்கிறார்கள். வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும்தான். இருக்கட்டுமே.

அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை. கொல்லைக் கதவு மழையில் ஊதி மூட முடியவில்லை. நீ அனுப்பிய சட்டை அவருக்குத் தோளில் பிடிக்கிறது, சொல்ல மாட்டார்.

நீ அந்தப் பெண்ணின் பெயரை எழுதி அனுப்பியிருந்தாய், அது இருக்கிறது. ஆனால் அவர்கள் மொழியில் இழுக்கிற இழுப்புக்கு ஏற்ப அர்த்தமே மாறிவிடும் என்று படித்தேன். தப்பாகச் சொல்லி வேறு எதையாவது சொல்லிவிடப் போகிறேன். அதனால் அவளை ஒரு தடவை நிதானமாகத் தன் பெயரைச் சொல்லச் சொல்லி, பதிவு பண்ணி அனுப்பு. நீ சொல்லாதே. அவளே சொல்லட்டும். இரண்டு தடவை சொல்லச் சொல்.

அன்புடன்,
அம்மா