கையேட்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மனநிலை ஒரு காலம் அளவுமீறிய எழுச்சியாகவும் ஒரு காலம் ஆழ்ந்த சோர்வாகவும் மாறும் பைபோலார் எனப்படும் இருமுனையக் கோளாற்றின் வகைகளைக் குடும்பத்தினர் பிரித்தறிவதற்கான தமிழ்க் கையேடு முடிந்துவிட்டது. உதவிய எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

முதல் நன்றி, இரண்டாம் வகையைப் பற்றி நாங்கள் எழுதிய 'லேசான நோய்' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்த மனநல மருத்துவர்களுக்கு. அதில் எழுச்சிதான் லேசானது. மனச்சோர்வோ மாதக்கணக்கில் ஆளை முடக்கிப் போடும், தற்கொலை எண்ணம் வரைக்கும் கொண்டுபோகும். அந்தச் சொல் அச்சேறியிருந்தால் சிலர் சிகிச்சையையே தள்ளிப்போட்டிருப்பார்கள்.

நாள் கணக்கைச் சரிபார்த்துத் தந்ததும் அவர்களே. முதல் வகைக்கு அடையாளமான மேனியா, அதாவது கடுமையான எழுச்சி, குறைந்தது 7 நாள் நீடிக்கும். மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் நாள் பார்க்கத் தேவையில்லை. இரண்டாம் வகையின் லேசான எழுச்சியான ஹைப்போமேனியாவுக்குத் தொடர்ந்து 4 நாள் போதும். மாற்றம் மற்றவர் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வேலையும் உறவும் குலைந்துபோகாது. எழுச்சியின்போது இல்லாத குரல் கேட்டால் அது மேனியாதான். முழு அளவை எட்டாத ஏற்ற இறக்கம் 2 ஆண்டுக்குக் குறையாமல் ஓடினால் சைக்ளோதைமியா.

தூக்கக் குறிப்புகளைப் பெயரில்லாமல் பயன்படுத்த அனுமதித்த குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! "3 மணி நேரம் தூக்கம். விடியுமுன் அலமாரி முழுக்க அடுக்கியாச்சு. களைப்பே இல்லை." தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாதது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எங்களால் எழுத முடியவில்லை. பலர் சோர்ந்திருக்கும்போதுதான் மருத்துவரிடம் வருவார்கள். எழுச்சி நாட்களை நல்ல நாட்கள் என்றே நினைத்திருப்பார்கள். அது பேச்சில் வராமல் போனால் மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் எழுதப்படும். சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். கூட வருகிறவர் இந்தக் குறிப்பை நீட்டினால் போதும்.

மனநிலையை நிலைப்படுத்தும் மருந்தான லித்தியம் பற்றிய பக்கத்தைத் திருத்திய ஆய்வக நண்பர்களுக்கும் நன்றி. ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்தே ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஆகியவை உடம்பில் லித்தியத்தை உண்மையாகவே ஏற்றிவிடும். நா குழறினாலோ நடை தள்ளாடினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னவரும் அவர்களில் ஒருவர்.

கடைசிப் பக்க அட்டவணையின் கட்டங்களைப் பெரிதாக்கச் சொன்ன வாசகிக்குத் தனி நன்றி. சோர்வு நாளில் பேனா பிடிப்பதே பாடு என்றார். இப்போது ஒரு கட்டத்துக்கு ஓர் எண் எழுதினால் போதும்: தூங்கிய மணி நேரம்.