பத்து நாள் கணக்கும் நூறாண்டுக் கணக்கும்

செயற்கை நுண்ணறிவு வானிலை மாதிரிகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பத்து நாள் வானிலையை ஒரே நிமிடத்துக்குள் சொல்லிவிடுகின்றன உங்கள் மாதிரிகள். 2023-இல் கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் என்ற வானிலை மாதிரி வந்தபோது, வானிலைச் சமன்பாடுகளைத் தீர்க்க ஃபோர்ட்ரான் நிரல்மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்குப் பொறாமைகூட வந்தது. அதைக் குறைசொல்ல இந்த மடல் இல்லை. அதே வகை மாதிரிகளை நூறாண்டுக் காலநிலைக்கும் நீட்டுவோம் என்கிறீர்களே, அங்குதான் எனக்கு வழக்கு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மாதிரி ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரம் முன்னே நகர்வதை ஓர் அடி என்று வைத்தால் பத்து நாளுக்கு 40 அடிகள். ஒவ்வோர் அடியிலும் காற்றின் நிறையில் லட்சத்தில் ஒரு பங்கு கசிகிறது என்று வையுங்கள். பத்தாம் நாள் தரைமட்ட அழுத்தம் 0.4 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருக்கும். யார் கண்ணிலும் படாது. நூறாண்டுக்கோ ஏறத்தாழ 1,46,000 அடிகள். கசிவு அப்படியே தொடர்ந்தால் வளிமண்டலத்தில் முக்கால் பங்கு காணாமல் போயிருக்கும். நிறை போனாலாவது பளிச்சென்று தெரியும். ஆற்றல் போனால் தெரியாது. பூமிக்கு வரும் சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்குச் சராசரியாக 340 வாட். இன்று பூமியைச் சூடாக்கும் மிச்சம் ஏறக்குறைய 1 வாட்தான். அந்த ஒரு வாட்டைத் தேடப் புறப்பட்ட மாதிரி, வழியில் தானே ஒரு வாட்டைத் தொலைக்கக் கூடாது.

சமன்பாடு தீர்க்கும் எங்கள் தரப்பும் அடிபட்டுத்தான் இதைக் கற்றது. 1956-இல் வானிலை அறிஞர் நார்மன் ஃபிலிப்ஸ் வளிமண்டலப் பொதுச்சுழற்சியை முதன்முதலாகக் கணினியில் ஓட்டினார். ஒரு மாதம் அழகாக ஓடிய கணக்கு பிறகு சிதறியது. கணக்குக்காக வளிமண்டலத்தைப் பிரிக்கும் கட்டங்களுக்குள் அடங்காத சிற்றலைகள் பெரிய அலைகளாக வேடம் போட்டு ஆற்றலைப் பெருக்குகின்றன என்று 1959-இல் அவரே விளக்கினார். உராய்வைக் கூட்டி அலைகளை மழுக்கிவிடுவது சுலப வழி. இன்னொரு வானிலை அறிஞரான அகியோ அரகாவா வேறு வழி தேடினார். சுழிப்பை, அதாவது காற்று எவ்வளவு சுழல்கிறது என்ற அளவை, காற்றே சுமந்துசெல்வதைக் குறிக்கும் சமன்பாட்டு உறுப்பைக் கட்டங்களில் மூன்று விதமாக எழுதலாம். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால், இரு பரிமாண ஓட்டத்தில் ஆற்றலும், சுழிப்பின் வர்க்கத்தைக் கூட்டிப் பெறும் என்ஸ்ட்ரோஃபியும் மாறாமல் நிற்கும் என்று 1966-இல் காட்டினார். துல்லியத்தின் படிநிலை (கட்டத்தைச் சிறிதாக்கும்போது பிழை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது) கூடவில்லை. கணக்கு மட்டும் சிதறவில்லை. இதைத் தாளில் போட்டுப் பார்க்க எனக்கு மூன்று பக்கம் ஆயிற்று. கடைசியில் எல்லாம் அடிபட்டுப் பூஜ்யம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

எங்கள் வீடும் முழுக்கச் சுத்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் அடிக்கும் பிறகு மொத்தத்தைத் திருத்திக்கொள்ளும் மாதிரிகள் எங்களிடமும் உண்டு. பசிபிக்கில் தொலைந்த ஈரத்தைச் சைபீரியாவில் வரவு வைப்பது போன்ற வேலை அது. நீங்களும் அதோடு நின்றுவிட வேண்டாம். கட்டத்தின் அடுத்த மதிப்பை நேரே கணிக்கச் சொல்வதற்குப் பதில், கட்டங்களுக்கு இடையிலான சுவர்களைக் கடக்கும் பாய்வைக் கணிக்கும்படி உங்கள் மாதிரியின் நரம்பு வலையமைப்பைப் பழக்குங்கள். ஒரு கட்டத்தின் செலவு பக்கத்துக் கட்டத்தின் வரவாகிவிடும். கணிப்பு தவறினாலும் நிறை தொலையாது.

அடுத்த ஆய்வுக் கட்டுரையில் பத்தாம் நாள் பிழை வரைபடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வரைபடமும் வெளியிடுங்கள்: நூறாண்டு ஓட்டத்தில் மொத்த நிறை, நீர், ஆற்றல் மூன்றும், திருத்தம் எதுவும் செய்யாமல்.

இப்படிக்கு,
பழைய பாணியில் சமன்பாடு தீர்க்கும் ஒருவன்