செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானதை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு 9 முறை கூடியது. சந்தா பாக்கி இந்த ஆண்டும் இருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்கப்போவதில்லை, அவரவருக்குத் தெரியும். பொங்கல் விழாவும் கோடைகால ஆர்மோனிய வகுப்பும் குறையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி நாடகம். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை இசை நாடகமாகப் போடுவது என்று முன்பே தீர்மானம் போட்டிருந்தோம். 60 ஆண்டு நிறைவான 2024 டிசம்பரிலேயே அரங்கேற்றுவதாகவும் வாக்குக் கொடுத்தோம். நடக்கவில்லை. பணம் சேராதது பாதிக் காரணம்தான். ஆதரவு கேட்டுப் போன வரிசையே தப்பு, அதில் பெரும்பங்கு என்னுடையது.

முதலில் வசதியானவர்களிடம் போனோம். ஐஸ் கம்பெனி, தங்கும் விடுதி, ஜவுளிக்கடை என்று படி ஏறி இறங்கினோம். தனுஷ்கோடி என்றதும் உட்காரச் சொல்வார்கள், காபி வரும். இசை நாடகம் என்றதும் முகம் மாறும். "அத்தனை பேர் செத்ததைப் பாட்டும் ஆட்டமுமா ஆக்கப்போறீங்க?" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டார். மற்றவர்கள், நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க 80ஜி சான்று இருக்கிறதா என்றார்கள். நம்மிடம் அது இல்லை. விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் மூன்று ஆண்டாகச் சொல்லிவருகிறேன்.

பெருந்தொகை தர முன்வந்த ஒருவர் ஒரு நிபந்தனை வைத்தார். அதே புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் குழுவினர் 46 நாளில் சீராக்கியதையே கடைசிக் காட்சியாக வைக்க வேண்டும், ஜனங்கள் கைதட்டி எழுந்து போக வேண்டும் என்றார். பெரிய சாதனைதான், மறுப்பில்லை. ஆனால் பாலம் திரும்ப வந்தது, தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. செயற்குழு இரண்டாகப் பிரிந்து, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அந்தப் பணத்தை வேண்டாம் என்றோம். பொருளாளர் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

மீனவர் குடியிருப்புகளுக்கு நாங்கள் போனது பிப்ரவரியில்தான். அங்கே ரசீதுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆர்மோனியத்தை இறக்கி வைத்து, நாலாம் காட்சியை மட்டும் பாடிக் காட்டினோம். பாதியில் ஒரு ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார். "இந்த மெட்டுல யாருய்யா அழுவா?" அவருக்கு அப்போது பத்து வயதாம். தன் தாய் பாடிய ஒப்பாரியை மாரில் அடித்துக்கொண்டு பாடினார். எங்கள் ஆர்மோனியக்காரர் கட்டையில் கை வைக்கவில்லை. பாட்டாக்கலாமா என்று கேட்ட பெரியவரை அன்றைக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். நாலாம் காட்சியில் இப்போது அந்த ஒப்பாரிதான், பக்கவாத்தியம் இல்லாமல்.

ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரும் ஒரு திருத்தம் சொன்னார். அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகையில் கடலில் மூழ்கிய 653ஆம் எண் பாசஞ்சர் வண்டியின் டிரைவரை நம் முதல் பிரதியில் அவசரக்காரராக எழுதியிருந்தோம். சிக்னல் கிடைக்காத இருட்டில் காத்திருந்து, நீண்ட விசில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார் என்பதே இதுவரை சொல்லப்பட்டு வருவது. ரயில்வே கணக்கில் 115 பேர். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அதில் சேரமாட்டார்கள். ஒருவர்கூட மீளாத வண்டியில் அவர்மேல் பழி போட நமக்கு என்ன சாட்சி? அந்தக் காட்சியை மாற்றி எழுதினோம்.

துயர நாடகத்தில் பபூன் எதற்கு என்ற சர்ச்சையும் தீர்ந்தது. தலைமன்னார் கப்பலுக்குச் சாமான் தூக்கும் போர்ட்டராக வந்து, வழக்கம்போலச் சிரிக்க வைப்பார். பாம்பனில் அவரும் அந்த வண்டியில் ஏறுவார். அதன் பிறகு மேடைக்கு வரமாட்டார்.

மதிப்பிட்ட செலவு 4,60,000 ரூபாய். கையில் இருப்பது 1,87,500. இதில் கணிசமான பகுதி, 16 படகுக்காரர்கள் தங்கள் வருமானத்தில் ஆளுக்கொரு பங்காக ஒதுக்கித் தந்தது. சீன் திரை எழுதுவதற்குப் பாதி முன்பணம் கொடுத்தாயிற்று. பின்னணி ஓசைகள் எழுப்பும் ஆல்ரவுண்ட் வாசிப்பவர் புயல் ஓசைக்குத் தகரத் தகடு கேட்கிறார், வாங்கித் தர வேண்டும். இரவு நாடகத்துக்கான அனுமதி மனு ஓர் அலுவலகத்தில் கிடக்கிறது. மூன்று முறை போய்விட்டேன், மூன்று முறையும் புதிதாக எழுதித் தரச் சொன்னார்கள்.

வருகிற டிசம்பர் 22 இரவு அரங்கேற்றம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. மீதித் தொகையில் ஒரு பகுதிக்குச் சங்க வைப்புநிதியிலிருந்து 1,00,000 ரூபாய் எடுக்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அன்று இறந்தவர்கள் 1,800 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நம் நோட்டில் இதுவரை ஏறியிருப்பது 41 பெயர்கள். உறவினர் பெயர் சேர்க்க வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசல் மேசைக்கு வரவும். நோட்டு அங்கே இருக்கும்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்