நானா கண்காட்சிக்குக் கை குடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். கண்காட்சிக்கு முன்னாடி மழைத் தண்ணி உள்ள புகுந்து போர்டெல்லாம் நாசமான அந்த ராத்திரி என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. மும்பைல ஜூலைல கண்காட்சி வைக்கறவனுக்கு புத்தி இருக்கான்னு கேக்கறீங்க, நம்ம நானா, அதான் அந்தக் காலத்து பம்பாயோட பெரிய வியாபாரி ஜகன்னாத் சங்கர்சேட், காலமானது 1865 ஜூலை 31, நினைவு நாளை மழைக்கு ஏத்த மாதிரி தள்ளி வைக்க முடியுமா சொல்லுங்க.

முதல்ல மொத்தமா ஒரு நன்றி. பக்கெட் பக்கெட்டா தண்ணி இறைச்ச காலேஜ் பசங்க, நடு ராத்திரில ஷட்டரைத் தூக்கி எல்லாத்தையும் திரும்ப பிரிண்ட் போட்டுக் குடுத்த ஜெராக்ஸ் கடைக்காரர், முழங்கால் தண்ணில தாராவில இருந்து டெம்போ ஓட்டிட்டு வந்த அண்ணன், விடிய விடிய சாய் போட்டுக் குடுத்த வாட்ச்மேன், யாரையும் மறக்க மாட்டேன்.

ஆனா நான் எழுத உட்கார்ந்ததே மூணாவது மாடி ஆஜிக்காக, அதான் அந்த மராத்திப் பாட்டிக்காகத்தான். காலைல புது பிரிண்ட் எல்லாம் ரெடி, ஒட்டறதுக்கு போர்டு இல்ல, ப்ளைவுட் ஊறி உப்பிப் போச்சு, மேல சுத்தியிருந்த வெள்ளைத் துணி பூரா சேறு. பேந்தப் பேந்த முழிச்சுட்டு நிக்கறோம், ஆஜி கைப்பிடியைப் புடிச்சுட்டு ஒவ்வொரு படியா இறங்கி வராங்க, இடுப்புல ஒரு மூட்டை. பிரிச்சா நாலு ஒன்பது கஜப் புடவை! பாச்சா உருண்டை வாசனை, மடிச்ச இடமெல்லாம் கோடு விழுந்து கிடக்கு. அதுல பச்சை உடம்பு சிவப்பு பார்டர் அவங்க கல்யாணப் புடவையாம். ஒரு பையன் குண்டூசியை எடுத்தான், கையிலயே ஒண்ணு போட்டாங்க, "ஊசி குத்தாதேடா, பட்டு கிழிஞ்சுடும், பின்னாடி நூல் போட்டுக் கட்டு"ன்னு சொல்லி தரைல உட்கார்ந்து முடிச்சும் அவங்களே போட்டுக் காட்டினாங்க. அப்புறம் "பொண்ணுங்க ஸ்கூல் பத்தின போர்டு எது?"ன்னு கேட்டாங்க. 1849ல நானா கிர்காவ்ல தன் சொந்த வீட்டுலயே பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு இடம் குடுத்தாரே, அது. கல்யாணப் புடவை அந்த போர்டுக்குத்தான் போச்சு.

நாங்க யாரு, எந்த ஊரு, எப்ப திருப்பிக் குடுப்போம், ஒரு வார்த்தை கேக்கல.

அன்னிக்குப் பூரா எனக்கு ரெண்டாவது போர்டுதான் மண்டைல ஓடிட்டே இருந்துச்சு. அரபு வியாபாரிங்க, ஆப்கான் வியாபாரிங்க எல்லாம் தங்களோட செல்வத்தை பாங்குல வைக்காம நானா கிட்ட விட்டுட்டுப் போவாங்கன்னு அதுல ஒரே ஒரு வரி. வர்றவங்க அதைத் தாண்டி நேரா ரயிலுக்குப் போயிடறாங்க, தப்பு சொல்ல முடியாது, 1845ல ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயோட சேர்ந்து ரயிலுக்காக சங்கம் வெச்சு, 1853 ஏப்ரல் 16 போரிபந்தர்ல இருந்து தானேக்கு 34 கிலோமீட்டர் ஓடின முதல் வண்டில தானும் ஏறிப் போன மனுஷன், அந்தப் படம் யாரைத்தான் நிறுத்தாது. ஆனா 1852ல பம்பாய் அசோசியேஷன்ங்கற அரசியல் சங்கத்துக்கு அவரைத் தலைவரா உட்கார வெச்சதும், 1857 சிப்பாய்க் கலகத்துல பங்கு உண்டுன்னு சந்தேகப்பட்ட சர்க்கார் ஆதாரம் இல்லாம விட்ட அதே ஆளை சில வருஷத்துலயே சட்டசபைக்கு நியமிச்சதும் எதை நம்பி? ரயிலுக்கு ரொம்ப முன்னாடியே ஊர் அவர் கிட்ட பெட்டியைக் குடுத்துட்டுப் போய் நிம்மதியா தூங்கியிருக்கு, எனக்கு என்னமோ கதையே அங்கதான் இருக்குன்னு தோணுது.

அதனால அடுத்த வருஷம் அந்த ஒரு வரிக்கு முழுசா ஒரு போர்டு, இது சத்தியம். ஒவ்வொரு போர்டுலயும் தமிழுக்குப் பக்கத்துல மராத்தியும் இருக்கும், ஆஜி படத்தை மட்டும் பாத்துட்டு ஒவ்வொண்ணுக்கும் எங்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது எனக்கு மனசு ஆறல, அவங்க ஊர் மனுஷன் கதை ஆச்சே.

போர்டெல்லாம் இனிமே தமிழ் மீடியம் முனிசிபல் ஸ்கூலுக்குப் போகுது, புடவைங்க டிரை கிளீனிங்ல இருக்கு. சனிக்கிழமை கொண்டு போய்க் குடுக்கறேன், கூட வர்றவங்க வாங்க, ஆனா தயவு செஞ்சு காசு கவர் எதுவும் எடுத்துட்டு வந்துடாதீங்க, ஏற்கனவே நம்மாளு ஒருத்தர் நீட்டிட்டு ஆஜி கிட்ட மராத்தில நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார்.