மகனுக்கு, இளவட்டக்கல்லைப் பற்றி

அன்பு மகனுக்கு,

பொங்கல் முடிந்து நீ சென்னைக்குத் திரும்பியதிலிருந்து மூன்று முறைதான் பேசினாய். மூன்று முறையும் ஜிம்முக்குக் கிளம்பிக்கொண்டிருப்பதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாய். நான் பேச வாயெடுத்தால் குரல் உயர்ந்துவிடும் என்பது நம் இருவருக்கும் தெரியுமாதலால் எழுதுகிறேன். வாழை குலை தள்ளியிருக்கிறது. கீழவீட்டு அத்தைக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மற்றதை அம்மா சொல்லுவாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கரிநாளன்று குழம்பைத் தொடாமல் பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் உண்டுவிட்டு எழுந்தாய். மஞ்சள் கருக்களை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா அவற்றைக் கிண்ணத்தில் போட்டு மாலைவரை மூடி வைத்திருந்தாள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு ஆண்டுகளில் 96 கிலோவிலிருந்து 79 கிலோவுக்கு இறங்கியிருக்கிறாய். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே சர்க்கரையும் இதய நோயும் நெருங்கத் தொடங்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் எப்படி முடிந்தது என்பது உனக்குத் தெரியும். அந்த வழியிலிருந்து நீயாகவே விலகி வந்திருக்கிறாய். ஆறு மாதத்துக்கு முன்பு 140 கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் காணொளியை நீ அனுப்பினாயே, அதைத் தேநீர்க் கடையில் எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று உனக்குத் தெரியாது. அதை உன்னிடம் நான் சொல்லவும் இல்லை.

ஆனால் இந்தப் பொங்கலுக்கு வந்த பிள்ளை வேறு மாதிரி இருந்தாய். எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூப்பிட்டபோது சட்டையைக் கழற்ற மறுத்தாய். இட்லி ஆறிப்போனதற்காக அம்மாவிடம் நீ கத்தியதைப் பற்றி அவள் இன்றுவரை என்னிடம் பேசவில்லை. நான் பின்கட்டிலிருந்து கேட்டேன். உன் கழுத்துக்குக் கீழும் தோளிலும் சிவந்த பருக்கள் மண்டியிருந்தன. வேளாவேளைக்குச் சாப்பிடு, நன்றாக உறங்கு என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதெல்லாம் வேறொன்றைக் கேட்கத் துணிவில்லாமல் சொன்னவை.

நீ கிளம்பிய அன்று, அவித்த பனங்கிழங்குக் கட்டை வைப்பதற்காக உன் பையின் ஓரப் பையைத் திறந்தேன். உள்ளே ஊசிகளோடு ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி இருந்தது. பாதி காலியாகியிருந்தது. மீதி, நல்லெண்ணெயைப் போல மஞ்சளாக, சாய்த்தால் மெதுவாக நகர்ந்தது. மேலே இருந்த ரப்பர் மூடியில் ஊசி குத்திய துளைகளை எண்ணினேன். ஏழு இருந்தன. மேல்தாளில் இருந்த பெயரை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டு குப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உன் பையைத் துழாவியதாக நீ நினைக்கலாம், கோபித்துக்கொள்ளலாம். அந்தத் தாளை மூன்று வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த பிறகுதான் ஒரு மருத்துவரிடம் காட்டினேன்.

டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் என்று வாசித்துவிட்டு அவர் விளக்கினார். அது ஆண்களின் சுரப்புநீர், ஹார்மோன் என்கிறார்களே, அதுதானாம். அந்தச் சுரப்புநீரை வெளியிலிருந்து ஊசியாக ஏற்றும்போது, உடம்பில் அது போதுமான அளவுக்கு மேல் இருப்பதாக மூளை எண்ணி, விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுமாம். விரைகள் சுருங்கி, விந்தணு உற்பத்தி குறைந்து, சிலருக்கு அறவே நின்றும் போகுமாம். ஊசியை விட்ட பிறகு அது மீண்டு வரப் பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாமாம். நல்ல கொழுப்பு குறையும், இரத்தம் தடிக்கும், இதயத்தின் தசைச்சுவரும் தடிக்கக்கூடும் என்றார். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து, உனக்கு யார் எழுதிக்கொடுத்தார்கள்? பேரப்பிள்ளை ஆசையில் இதைக் கேட்பதாக நினையாதே. எனக்கு நீ வேண்டும், அய்யா.

உன்னை இந்த ஊசியிடம் கொண்டுபோய் விட்டது யார் என்று யோசித்தால், செங்கோட்டைச் சம்பந்தம் தட்டிப்போன நாளில்தான் என் நினைவு வந்து நிற்கிறது. ‘பையன் கொஞ்சம் குண்டு’ என்று அந்தப் பெண் சொன்னதில் தவறில்லை. எங்கள் தலைமுறையில் நாங்கள் பெண்ணைப் பார்த்தோம், எங்களை எந்தப் பெண்ணும் பார்க்கவில்லை. என்னைக் கட்டிக்கொள்ள ஏன் சம்மதித்தாய் என்று போன வாரம் உன் அம்மாவிடம் கேட்டேன். “என்னை யார் கேட்டார்கள்?” என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்று பெண்களிடம் கேட்கிறார்கள், அவர்களும் தமக்குப் பிடித்தது எது என்று சொல்கிறார்கள். செல்பேசியில் ஒரு படத்தை வைத்தே உன்னைத் தள்ளியோ ஏற்றோ விடுகிறார்கள் என்று நீ ஒருமுறை சொன்னாய். உடம்பைப் பேணிய ஆண் பார்வைக்கு நன்றாக இருக்கிறான் என்பதை நான் மறுக்கவில்லை. நிமிர்ந்த நடையும் மூச்சிரைக்காத பேச்சும் எவருக்கும் பிடிக்கும். அவை உனக்கு ஊசிக்கு முன்பே வந்திருந்தன.

அந்தப் பெண் சொன்னதை விட நான் செய்ததுதான் கொடுமை. தரகர் போன பிறகு, மாமாவும் அத்தான்மாரும் உட்கார்ந்திருக்க, தையல் நாடாவை எடுத்து உன் இடுப்பில் சுற்றி, நாற்பது அங்குலம் என்று உரக்கப் படித்தேன். பிறகு வழக்கம்போல இளவட்டக்கல் கதையைச் சொன்னேன். கோயில் முன்னால் கிடந்த அந்த உருண்டைக் கல்லில் பிடிமானம் எதுவும் கிடையாது, குத்தவைத்து அமர்ந்து அதைத் தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து எழுந்து, தோளுக்கு உருட்டிப் பின்னால் எறிந்தவனுக்குத்தான் அக்காலத்தில் பெண் கொடுத்தார்கள், நான் எறிந்தேன், உன் அம்மாவைக் கொடுத்தார்கள் என்று. நீ தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய்.

நான் அந்தக் கல்லை எறிந்ததில்லை. மூன்று பொங்கலுக்கு முயன்றேன், முழங்காலுக்கு மேல் ஒருமுறைகூட ஏறவில்லை. இடது கால் பெருவிரல் நகம் கோணலாக இருப்பது சைக்கிளிலிருந்து விழுந்ததால் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன், அது அந்தக் கல் விழுந்த காயம். கல்லைத் தோளுக்கு மேல் போட்டவன் உன் சித்தப்பா. ஊரே கைதட்டியது. அவனுக்கு ஒருவரும் பெண் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தது ஆசிரியர் வேலைக்காகவும் இரண்டு ஏக்கர் நஞ்சைக்காகவும். இத்தனை ஆண்டுகளாக அவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே அவன் செய்ததை நான் செய்ததாகச் சொல்லி வந்தேன். அவன் ஒரு நாளும் மறுக்கவில்லை. அந்தப் பொய்யைக் கொண்டுதான் உன்னை அளந்தேன்.

பணகுடிப் பக்கம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறார்கள். நீ ஆசைப்பட்டால் அடுத்த ஆண்டு போவோம். ஊசி போடாத உடம்போடு நீ முழங்கால்வரை தூக்கினாலும் எனக்குப் போதும்.

நான் சொன்னேன் என்பதற்காக ஊசியை ஒரே நாளில் நீயாக நிறுத்திவிடாதே. திடீரென்று விட்டால் உடம்பு சோர்ந்து மனமும் மிகவும் தளர்ந்துபோகும் என்றும், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் கண்காணிப்பில்தான் விட வேண்டும் என்றும் அந்தத் தாளைப் பார்த்த மருத்துவர் சொன்னார். சுரப்புநீர் அளவு, கொழுப்பு, கல்லீரல், இரத்த அடர்த்தி ஆகியவற்றுக்குப் பரிசோதனை எடுக்க வேண்டும், இதயத்துக்கு எக்கோவும் பார்த்துவிட வேண்டும். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதே.

வியாழன் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்பி வெள்ளி காலை தாம்பரத்தில் இறங்குகிறேன். நீ நிலையத்துக்கு வர வேண்டியதில்லை, வழி எனக்குத் தெரியும். மருத்துவரிடம் இருவருமாகப் போவோம். உள்ளே நீ மட்டும் போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொல். நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா